விலையை ஏற்றினார், கஜானாவைக் காலி செய்தார்!

பூட்டை உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. கத்தியைக் காட்டி யாரையும் மிரட்டவில்லை. ஆனாலும் ஒரு கஜானா காலியாகி விட்டது!

போன பணம் 11 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 900 கோடி ரூபாய்.

எப்படிப் போயிற்று? ஓர் இளைஞர் ஒரு பொருளின் விலையை ஏற்றினார். அவ்வளவுதான்! ஏறிய விலை நின்றது சிறிது நேரமே. பிறகு மளமளவென்று விழுந்து விட்டது. அதற்குள் வேலை முடிந்து விட்டது.

இது நடந்தது 2022-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. பணம் போன இடத்தின் பெயர் "மாங்கோ மார்க்கெட்ஸ்". அது கிரிப்டோ நாணயங்கள் கைமாறும் ஒரு சந்தை. கடன் கொடுக்கும் கடையும்கூட. ஆனால், அந்தக் கடைக்குக் கட்டடம் கிடையாது. முதலாளி கிடையாது. கல்லாப் பெட்டியின் முன் உட்காரும் ஆளும் கிடையாது. எல்லா வேலையையும் கம்ப்யூட்டரே செய்தது.

அந்தக் கம்ப்யூட்டர் எப்படி ஏமாந்தது? இளைஞர் செய்தது திருட்டா, வியாபாரமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒரு பதில் சொன்னார்கள். நீதிபதி வேறு பதில் சொன்னார்!

கட்டடம் இல்லாத வங்கி

சாதாரண வங்கியில் என்ன நடக்கிறது? ஒருவர் பணம் போடுகிறார். வங்கி அந்தப் பணத்தை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. கடன் வாங்கியவர் வட்டி கட்டுகிறார். அந்த வட்டியில் ஒரு பங்கு, பணம் போட்டவருக்குக் கிடைக்கிறது. மானேஜர் கையெழுத்துப் போடுகிறார். குமாஸ்தா கணக்கு எழுதுகிறார்.

மானேஜரும் குமாஸ்தாவும் இல்லாமலே ஒரு வங்கியை நடத்த முடியாதா? "முடியும்" என்றார்கள் கம்ப்யூட்டர் நிபுணர்கள்.

அதற்கு அவர்கள் பயன்படுத்தியது "பிளாக்செயின்". இது ஊருக்குப் பொதுவான ஒரு கணக்குப் புத்தகம் போன்றது. ஒரே கணக்கு, உலகம் எங்கும் உள்ள ஏராளமான கம்ப்யூட்டர்களில் எழுதப்பட்டு இருக்கும். யாரும் அதைப் பார்க்கலாம். ஆனால், எழுதிய வரியை ஒருவர் மட்டும் ரகசியமாக அழித்து விட முடியாது.

இந்தப் புத்தகத்தில் பணத்தின் கணக்கை மட்டும் எழுதுவது இல்லை. கடையின் சட்டதிட்டங்களையும் கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைக்கலாம். "இவ்வளவு அடகு வைத்தால், இவ்வளவு கடன் கொடு" என்று எழுதி விட்டால், கம்ப்யூட்டர் அப்படியே செய்யும். தாட்சண்யம் பார்க்காது. லஞ்சம் கேட்காது. விடுமுறையும் எடுக்காது.

இப்படி நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு "டீஃபை" என்று பெயர். தனி ஒருவர் கையில் இல்லாத நிதி நிர்வாகம் என்று பொருள். மாங்கோ மார்க்கெட்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. "சொலானா" என்ற பிளாக்செயினில் அது நடந்து வந்தது.

இந்தக் கடையில் யாரும் பெயர் கேட்பது இல்லை. ஊர் கேட்பது இல்லை. சம்பளச் சீட்டு கேட்பது இல்லை. யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம்.

அப்படியானால், கடன் வாங்கியவர் ஓடி விட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் அடகு! கடன் தொகையை விட அதிக மதிப்பு உள்ள பொருளை முதலில் வைக்க வேண்டும். அதன் விலை குறைந்தால், கம்ப்யூட்டர் உடனே அதை விற்றுக் கடனைக் கழித்துக் கொள்ளும்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால், இதில் ஓர் ஓட்டை இருந்தது.

புளியங்கொட்டை அடகு

அந்த ஓட்டையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கதை போதும்.

ஓர் ஊரில் ஓர் அடகுக் கடை. முதலாளி வெளியூருக்குப் புறப்பட்டார். கடைப் பையனைக் கூப்பிட்டார். "யார் எதைக் கொண்டு வந்தாலும் சந்தைக்குப் போய் விலை கேள். அந்த விலையில் பாதியைக் கடனாகக் கொடு" என்று சொல்லி விட்டுப் போனார்.

அந்த ஊரில் ஒருவனிடம் 100 மூட்டை புளியங்கொட்டை இருந்தது. ஒரு மூட்டை 100 ரூபாய்கூடப் போகாது. சந்தையிலும் மொத்தம் 10 மூட்டைதான் விற்பனைக்கு இருந்தது.

அவன் நேராகச் சந்தைக்குப் போனான். ஒரு மூட்டையை 100 ரூபாய்க்கு வாங்கினான். அடுத்த மூட்டையை 200 ரூபாய்க்குக் கேட்டான். அடுத்தது 400 ரூபாய்! சரக்குக் குறையக் குறைய விலை ஏறியது. கடைசி மூட்டையை 1,300 ரூபாய் கொடுத்து வாங்கினான்.

பிறகு, வீட்டில் இருந்த 100 மூட்டையையும் அடகுக் கடைக்குக் கொண்டு வந்தான். பையன் சந்தைக்கு ஓடினான். "புளியங்கொட்டை என்ன விலை?" என்று கேட்டான். "கடைசியாக 1,300 ரூபாய்க்குப் போயிற்று" என்றார்கள். பையன் கணக்குப் போட்டான். 100 மூட்டைக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். அதில் பாதி, 65 ஆயிரம் ரூபாய். பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்து விட்டான்.

மறுநாள் முதலாளி வந்தார். கடை நிறையப் புளியங்கொட்டை! விலை கேட்டால், பழையபடி மூட்டை 100 ரூபாய். அடகு வைத்தவன் திரும்பி வரவே இல்லை.

பையன் பொய் சொன்னானா? இல்லை. சந்தைக்காரர்கள் பொய் சொன்னார்களா? அதுவும் இல்லை. கடைசி மூட்டை 1,300 ரூபாய்க்குப் போனது உண்மை. ஆனால், அந்த விலைக்கு 100 மூட்டையையும் வாங்க அந்த ஊரில் ஆள் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டீஃபை கடைகளின் கம்ப்யூட்டர் அந்தப் பையனைப் போன்றதுதான். வெளியே நடப்பது அதற்குத் தானாகத் தெரியாது. சந்தை விலையை அதனிடம் கொண்டு வந்து சொல்வதற்கு வேறு ஒரு ஏற்பாடு உண்டு. அதை "ஆரக்கிள்" என்கிறார்கள். தெய்வ வாக்கு சொல்பவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். ஆரக்கிள் சொல்லும் விலையைக் கம்ப்யூட்டர் தெய்வ வாக்காகவே எடுத்துக் கொள்கிறது!

ஒரே ஆள், இரண்டு கணக்கு

மாங்கோ மார்க்கெட்சுக்கு ஒரு சொந்த நாணயம் உண்டு. அதுவே மாங்கோ நாணயம். 2022 அக்டோபரில் அதன் விலை சுமார் 4 சென்ட். (100 சென்ட் சேர்ந்தது 1 டாலர்.) அந்த நாணயம் அதிகமாகக் கைமாறுவதும் இல்லை. சந்தையில் உள்ள புளியங்கொட்டை போலத்தான்!

அவ்ரஹாம் ஐசன்பர்க் என்ற அமெரிக்க இளைஞர் இதைக் கவனித்தார். அப்போது அவருக்கு 30 வயது ஆகவில்லை. கிரிப்டோ நாணய வியாபாரத்தில் கைதேர்ந்தவர்.

அக்டோபர் 11-ந் தேதி அவர் மாங்கோ மார்க்கெட்சில் இரண்டு கணக்குகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றிலும் சுமார் 50 லட்சம் டாலர் போட்டார்.

முதல் கணக்கின் மூலம் ஓர் ஒப்பந்தத்தை விற்றார். இரண்டாவது கணக்கின் மூலம் அதே ஒப்பந்தத்தை வாங்கினார். விற்றவரும் அவரே, வாங்கியவரும் அவரே!

அது என்ன ஒப்பந்தம்? மாங்கோ நாணயத்தின் விலை ஏறினால், வாங்கிய கணக்குக்கு லாபம். விலை இறங்கினால், விற்ற கணக்குக்கு லாபம். 40 கோடிக்கும் அதிகமான நாணயங்களுக்கு இந்த ஒப்பந்தம் போடப்பட்டது.

ஒரு சட்டைப்பையில் லாபம் என்றால், இன்னொரு சட்டைப்பையில் அதே அளவு நஷ்டம். இதில் அவருக்கு என்ன கிடைக்கும்?

அங்கேதான் சூழ்ச்சி இருந்தது. நஷ்டக் கணக்கில் இருந்தது 50 லட்சம் டாலர்தான். நஷ்டம் எத்தனை கோடி ஆனாலும், அதற்கு மேல் அந்தக் கணக்கில் இருந்து எடுக்க முடியாது. லாபக் கணக்குக்கோ எல்லை இல்லை. நஷ்டக் கணக்கை அப்படியே கைவிட்டு விட்டு, லாபக் கணக்கை மட்டும் கையில் எடுத்துக் கொள்ளலாம்!

அடுத்து, மாங்கோ நாணயத்தின் விலையை ஏற்ற வேண்டும். ஆரக்கிள் மூன்று சந்தைகளைப் பார்த்து விலை சொல்லி வந்தது. ஐசன்பர்க் அந்த மூன்று சந்தைகளிலும் மாங்கோ நாணயத்தை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். இதற்குச் செலவான பணம், பிறகு கிடைத்த பணத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான்.

விலை ஏறியது. மேலும் ஏறியது. சுமார் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 13 மடங்கு ஆகி விட்டது!

ஆரக்கிள் அந்த விலையைக் கம்ப்யூட்டரிடம் சொன்னது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. இரண்டாவது கணக்கில் கோடிக் கணக்கான டாலர் லாபம் இருப்பதாகக் காட்டியது. அந்த லாபம் வெறும் எழுத்து. யாரும் அதைப் பணமாகக் கொடுத்து விடவில்லை. ஆனால், கம்ப்யூட்டர் அதை அடகுப் பொருளாக ஏற்றுக் கொண்டது.

ஐசன்பர்க் அந்த லாபத்தைக் காட்டிக் கடன் கேட்டார். டாலர் மதிப்புள்ள நாணயம் வேண்டும் என்றார், கிடைத்தது. சொலானா நாணயம் வேண்டும் என்றார், கிடைத்தது. பிட்காயினும் கிடைத்தது. மற்றவர்கள் நம்பிக்கையோடு போட்டு வைத்திருந்த பணம் எல்லாம் வெளியே போயிற்று. மொத்தம் 11 கோடி டாலருக்கு மேல்!

அவர் வாங்குவதை நிறுத்தியதும் மாங்கோ நாணயத்தின் விலை தரையில் விழுந்தது. அடகாக வைத்த லாபம் மறைந்து விட்டது. கடையில் மிஞ்சியது புளியங்கொட்டை!

பணத்தைப் போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்க முடியாமல் தவித்தார்கள். கடை வாசலில் போய் நிற்கலாம் என்றால், கடைக்கு வாசலே இல்லை.

வாக்கெடுப்பில் ஒரு பேரம்

மாங்கோ மார்க்கெட்சுக்கு முதலாளி இல்லை என்றாலும், ஒரு சபை உண்டு. மாங்கோ நாணயம் வைத்திருப்பவர்களே அதன் உறுப்பினர்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற முறை அங்கே இல்லை. எவ்வளவு நாணயமோ, அவ்வளவு ஓட்டு.

பணம் எடுத்தவர் இந்தச் சபையோடு பேரம் பேசினார். சபைக்குச் சொந்தமாகச் சுமார் 7 கோடி டாலர் இருந்தது. அதையும் கொண்டு கணக்கைச் சரிக்கட்ட வேண்டும், தம் மீது போலீஸ் நடவடிக்கை கூடாது என்பது அவருடைய நிபந்தனை. எடுத்த நாணயங்களைக் கொண்டே தம்முடைய யோசனைக்கு அவர் ஓட்டும் போட்டார்! ஆனாலும் அந்த யோசனை நிறைவேறவில்லை.

இரண்டாவது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 6 கோடியே 70 லட்சம் டாலரை அவர் திருப்பித் தர வேண்டும். மீதிச் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலரை அவரே வைத்துக் கொள்ளலாம். அந்தப் பணம், கடையில் உள்ள ஓட்டையைக் காட்டியதற்குப் பரிசு! அவர் மீது குற்ற நடவடிக்கை கோருவது இல்லை என்றும் அதில் எழுதப்பட்டு இருந்தது. சபை இதற்கு ஒப்புக் கொண்டது. ஒன்றும் இல்லாததற்கு, வந்தவரை லாபம் என்று உறுப்பினர்கள் நினைத்தார்கள்.

பணம் திரும்பி வந்தது. அதையும் சபையின் கஜானாவையும் கொண்டு, பணம் போட்டவர்களுக்கு ஈடு செய்யப்பட்டது.

அக்டோபர் 15-ந் தேதி ஐசன்பர்க் தாமாகவே வெளியே வந்தார். இந்த வேலையைச் செய்த குழுவில் தாமும் ஒருவர் என்று பகிரங்கமாக அறிவித்தார். இது நல்ல லாபம் தந்த ஒரு வியாபார முறை என்றும், கடையின் விதிப்படியே எல்லாம் நடந்தது என்றும், சட்டத்துக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை என்றும் சொன்னார்.

ஜூரிகள் சொன்னது, நீதிபதி சொன்னது

அமெரிக்க அரசாங்கம் அதை ஏற்கவில்லை. தனிப்பட்டவர்கள் செய்துகொண்ட பேரம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது அல்லவா?

2022 டிசம்பர் 26-ந் தேதி, அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில் ஐசன்பர்க் கைது செய்யப்பட்டார். மூன்று குற்றச்சாட்டுகள். பண்டச் சந்தையில் மோசடி செய்தது ஒன்று. விலையைத் திரித்தது இரண்டு. மின்தொடர்பு மூலம் மோசடி செய்தது மூன்று. 2023 ஜனவரியில் சந்தைகளைக் கண்காணிக்கும் இரண்டு அரசாங்க ஆணையங்களும் தனித் தனியே வழக்குப் போட்டன.

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விசாரணை நடந்தது.

"விலை ஏறியது போல் ஒரு பொய்த் தோற்றத்தை உண்டாக்கினார். கடன் என்று சொல்லிப் பணத்தை எடுத்தார். திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லை" என்பது அரசாங்கத் தரப்பு வாதம்.

"சொந்தப் பணத்தைக் கொடுத்து நாணயம் வாங்கினார். கம்ப்யூட்டர் அனுமதித்ததைச் செய்தார். யாரிடமும் பொய் சொல்லவில்லை" என்பது எதிர்த் தரப்பு வாதம்.

ஏப்ரல் 18-ந் தேதி ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று குற்றச்சாட்டுகளிலும் "குற்றவாளி"!

கதை அதோடு முடியவில்லை. வழக்கை விசாரித்தவர் நீதிபதி அருண் சுப்பிரமணியன். இந்தியாவில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்தார். 2025 மே 23-ந் தேதி ஜூரிகளின் முடிவை அவர் ஏற்க மறுத்தார்.

முதல் இரண்டு குற்றச்சாட்டுகளை நியூயார்க்கில் விசாரித்ததே சரியல்ல என்றார் நீதிபதி. ஐசன்பர்க் அந்த வேலையைச் செய்தது போர்ட்டோ ரிக்கோவில் இருந்துகொண்டு. நியூயார்க்குக்கும் அதற்கும் போதிய தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே அந்த இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தார்.

மூன்றாவது குற்றச்சாட்டில் இருந்து ஐசன்பர்க்கை விடுதலை செய்தார். மோசடி என்றால் ஒரு பொய் வேண்டும். இங்கே பொய் எது? மாங்கோ மார்க்கெட்ஸ் யாருடைய அனுமதியும் இல்லாமல் தானாக நடக்கும் கடை. இன்னதைச் செய்யக் கூடாது என்று அங்கே விதி எழுதி வைக்கவில்லை. ஐசன்பர்க் பொய் சொன்னார் என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்றார் நீதிபதி.

லண்டனில் ஒரு பொய்

விலையை ஏற்றிப் பணம் பறிக்கும் வேலை புதியது அல்ல. 1814 பிப்ரவரி 21-ந் தேதி இங்கிலாந்தில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனோடு போர் நடந்து கொண்டிருந்தது.

அன்று அதிகாலை, ராணுவ அதிகாரி உடையில் ஒருவர் டோவர் துறைமுகத்தில் தோன்றினார். "நெப்போலியன் கொல்லப்பட்டார்" என்று சொன்னார். செய்தி லண்டனுக்குப் பறந்தது. போர் முடிந்தது என்று எண்ணி, அரசாங்கக் கடன் பத்திரங்களை எல்லோரும் போட்டி போட்டு வாங்கினார்கள். விலை ஏறியது. முன்பே வாங்கி வைத்திருந்த சிலர், அந்த நேரம் பார்த்து விற்று விட்டார்கள். செய்தி பொய் என்று அன்றே தெரிந்து விட்டது. விலையும் விழுந்தது. சூழ்ச்சி செய்ததாகச் சிலர் தண்டனை பெற்றார்கள்.

லண்டனில் ஒரு மனிதன் வாய் திறந்து பொய் சொன்னான். வழக்குத் தொடருவது எளிதாக இருந்தது. மாங்கோ வழக்கிலோ யாரும் வாய் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரின் பொத்தான்கள்தான் பேசின. மனிதனை ஏமாற்றினால் என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் உண்டு. சொன்னதை மட்டும் செய்யும் கம்ப்யூட்டரை ஏமாற்ற முடியுமா? இந்தக் கேள்வியில்தான் வழக்குச் சிக்கிக் கொண்டது.

முதல் இல்லாமலே ஒரு கொள்ளை!

ஐசன்பர்க் சுமார் 1 கோடி டாலர் முதல் போட்டார். கையில் முதல் இல்லாதவர்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்!

டீஃபை உலகில் "ஃபிளாஷ் கடன்" என்று ஒன்று உண்டு. மின்னல் கடன் என்று சொல்லலாம். இதற்கு அடகே வேண்டாம். எத்தனை கோடி வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால், ஒரு நிபந்தனை. கடன் வாங்குவது, அதைக் கொண்டு வியாபாரம் செய்வது, திருப்பிக் கட்டுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க வேண்டும். கடைசியில் கடன் திரும்பி வரவில்லை என்றால், கட்டில் உள்ள எல்லாமே ரத்து ஆகி விடும். கடன் கொடுக்கவே இல்லை என்பது போல் ஆகி விடும். ஆகவே, கடன் கொடுப்பவருக்குப் பயம் இல்லை.

2020 பிப்ரவரி 18-ந் தேதி, பெயர் தெரியாத ஒருவர் "பி-இசட்-எக்ஸ்" என்ற டீஃபை கடையில் இப்படி 7,500 ஈதர் நாணயங்களை மின்னல் கடனாக வாங்கினார். அவற்றில் ஒரு பகுதியைக் கொண்டு வேறு ஒரு நாணயத்தை வாங்கிக் குவித்தார். அந்த நாணயம் 1 டாலர் விலையில் நிற்க வேண்டியது. அது 2 டாலர் வரை ஏறி விட்டது. ஏறிய விலையில் அதை அடகு வைத்துக் கடன் வாங்கினார். மின்னல் கடனைத் தீர்த்தார். மிச்சம் 2,378 ஈதர். அன்றைய மதிப்பில் 6 லட்சம் டாலருக்கு மேல்!

இத்தனையும் நடந்தது ஒரே கட்டில். கணக்குப் புத்தகத்தின் ஒரே வரியில்.

அதே ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி "ஹார்வெஸ்ட் பைனான்ஸ்" என்ற கடையில் சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டம். அங்கேயும் மின்னல் கடன். அங்கேயும் விலை விளையாட்டு. எடுத்தவர் ஏனோ சுமார் 25 லட்சம் டாலரை மட்டும் திருப்பி அனுப்பி வைத்தார். 2021 அக்டோபர் 27-ந் தேதி "கிரீம் பைனான்ஸ்" என்ற கடையில் சுமார் 13 கோடி டாலர் போயிற்று.

கடைகள் வேறு, நாணயங்கள் வேறு. ஆனால் வழி ஒன்றுதான். விலையைத் திரித்து விடு, நல்ல பணத்தை எடுத்துக்கொண்டு போய் விடு!

காவல் என்ன?

இதைத் தடுக்க வழி இல்லையா? உண்டு. அடகுக் கடை முதலாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்த வழிகள்தான் அவை.

முதலாவது, ஒரே சந்தையில் விலை கேட்கக் கூடாது. பல சந்தைகளில் கேட்டு, நடுவில் உள்ள விலையை எடுத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இந்த நிமிடத்து விலையை மட்டும் பார்க்கக் கூடாது. சில மணி நேரத்துச் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விலையை உயர்த்திப் பிடிப்பது சுலபம். பல மணி நேரம் பிடிக்க வேண்டுமானால் கை வலிக்கும், பணமும் கரையும்.

மூன்றாவது, சிலர் மட்டுமே வாங்கி விற்கும் பொருளுக்கு அதிகக் கடன் கொடுக்கக் கூடாது. "இந்தப் பொருளை அடகு வைத்தால் மொத்தம் இவ்வளவுதான்" என்று ஓர் எல்லை போட்டு விட வேண்டும்.

இந்த மூன்றில் முக்கியமானது மூன்றாவதுதான். மாங்கோ மார்க்கெட்சின் ஆரக்கிள் ஒரு சந்தையை அல்ல, மூன்று சந்தைகளைப் பார்த்தது. அப்படியும் ஏமாற்றம்! ஏனென்றால், அந்த நாணயத்துக்கு மூன்று இடத்திலும் வாங்குபவர் குறைவு. மூன்று சந்தையையும் ஒரே ஆள் ஏற்றி விட முடிந்தது. பல டீஃபை கடைகள் பிற்காலத்தில் இந்த எல்லைகளை விதித்துக் கொண்டன.

மாங்கோ மார்க்கெட்சோ பழைய நிலைக்கு வரவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க ஆணையத்தோடு செய்துகொண்ட ஓர் உடன்பாட்டில், அதை நடத்தியவர்கள் அபராதம் கட்டவும், மாங்கோ நாணயத்தை ஒழிக்கவும் சம்மதித்தார்கள். அந்த ஆணையத்திடம் பதிவு செய்யாமல் நாணயத்தை விற்றது அவர்கள் மீது இருந்த புகார். 2025 ஜனவரியில் கடையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. 4 சென்ட் நாணயத்தை ஓர் அரை மணி நேரம் பொன்னாக நினைத்த கடை, கடைசியில் அந்த நாணயத்தோடு சேர்ந்து மறைந்தது.

சேமிப்பைப் புதுப் புது இடங்களில் போடச் சொல்லி விளம்பரங்கள் வந்து கொண்டே இருக்கின்றன. "விலை இத்தனை மடங்கு ஏறி விட்டது" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். விலை ஏறியது உண்மையாகவே இருக்கலாம். ஏற்றியது யார்? எத்தனை பேர் வாங்கினார்கள்? நாளைக்கு எல்லோரும் விற்க வந்தால், அதே விலைக்கு வாங்க ஆள் உண்டா?

சந்தையில் ஒரு மூட்டை 1,300 ரூபாய்க்குப் போனது என்றால், அது ஒரு மூட்டையின் விலைதான். மற்ற 99 மூட்டையையும் விற்றுப் பணத்தை எண்ணிய பிறகுதான் அவற்றின் விலை தெரியும்.